ஒன்றரைக் கிலோ முன்னேற்றம்

நர்ஸம்மாவின் கைக்குட்டை ஒரு கிலோ ஐந்நூற்று இருபது கிராம் இருந்தது.

அவள் அதைத் தராசுத் தட்டிலிருந்து எடுத்து நன்றாக உதறிப் பார்த்தாள். எதுவும் விழவில்லை. மூலையில் நீல நூலில் ஒரு பூ, நடுவில் கொஞ்சம் வியர்வை, அவ்வளவுதான். தட்டு காலியானதும் மெஷினின் முகப்பில் பூஜ்யம் வந்து சமர்த்தாக நின்றது. சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து வைத்தாள். ஒரு கிலோ ஐந்நூற்றுப் பத்து. எடுத்தாள். பூஜ்யம்.

"ஆயாம்மா, இங்க வாங்க. இந்தப் பேனாவைத் தூக்கிப் பாருங்க. கனக்குதா?"

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, பேனாவை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "கனக்கலையேம்மா. ஏன், மை தீர்ந்துபோச்சா?"

"மை தீரல. என் பொறுமைதான் தீருது."

வெளியே தாழ்வாரத்தில் நாற்பத்து மூன்று குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. மாதத்துக்கு ஒரு முறை எடை போடும் நாள் அது. சரியாகச் சொன்னால் நாற்பத்திரண்டு குழந்தைகள்தான் அழுதன. எறும்பு அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

எறும்பு என்பது அந்தப் பெண்குழந்தைக்கு ஊரார் வைத்த செல்லப் பெயர். மூன்று வயது முடிந்துவிட்டது. ஒன்றரை வயதுக்குத் தைத்த சட்டை இன்னும் தொளதொளவென்று தொங்கியது. அவள் அம்மா செங்கல் சூளையில் கல் சுமப்பவள். அன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

இந்த மெஷின் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஜீப்பில் இரண்டு பேர் கொண்டுவந்து இறக்கினார்கள். பளபளவென்று வெள்ளைத் தட்டு, பச்சை விளக்கு, பக்கவாட்டில் 'பின்தங்கிய மாவட்டங்கள் வளர்ச்சி நிதி' என்று பெரிதாக ஓர் ஒட்டுத்தாள். போகும்போது பழைய தொங்குதராசைக் கழற்றி, அதன் மேல் 'உபயோகமற்றது' என்று எழுதிக் கொண்டுபோய்விட்டார்கள். பதினாறு வருடம் ஒரு பொய் சொல்லாத தராசு அது.

எறும்பைத் தூக்கித் தட்டில் உட்கார வைத்தாள் நர்ஸம்மா. பத்து கிலோ ஐந்நூறு.

"அம்மா! போன மாசம் ஒன்பதுதானே இருந்தா?" எறும்பின் அம்மாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "ஒன்றரைக் கிலோ ஏறிட்டாளா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நர்ஸம்மாவுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஏறலம்மா. மெஷின் பொய் சொல்லுது. ஒன்பதேதான்."

பத்து கிலோவுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு வாரம் ஒரு சத்துமாவுப் பொட்டலம் உண்டு. மேலே போய்விட்டால் கிடையாது. அதுதான் சட்டம். நர்ஸம்மா ஒவ்வொரு குழந்தையாக உட்கார வைத்து, மெஷின் காட்டியதில் ஒன்றரையைக் கழித்து, நோட்டில் உண்மையான எடையை எழுதினாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பத்துக்குக் கீழே முப்பத்தொரு பேர். போன மாதமும் அதே முப்பத்தொன்றுதான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் ஃபோன் செய்தார்.

"நர்ஸம்மா, வாழ்த்துகள்!"

அவர் வாழ்த்துச் சொன்னாலே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். "எதுக்கு சார்?"

"மாவட்டம் முழுக்கக் குழந்தைங்க தேறிட்டாங்க. உங்க ஊர்ல முப்பத்தொரு பேர் இருந்த லிஸ்ட்ல இப்ப ஆறே பேர்!"

"சார், நான் இன்னும் நோட்டையே அனுப்பலையே."

"நோட்டா? அது யாருக்கு வேணும்? மெஷினுக்குள்ளயே சிம் இருக்கு. குழந்தை உட்கார்ந்த நிமிஷமே எடை மேலே போயிடும். நடுவுல மனுஷன் கை படவே கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு."

"சார், அந்த மெஷின் தப்பு. எதை வெச்சாலும் ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டுது. என் கைக்குட்டையை வெச்சுப் பார்த்தேன், பேனாவை வெச்சுப் பார்த்தேன்..."

"ஓ, அந்த ரெண்டும் நீங்க வெச்சதுதானா!" மேற்பார்வையாளரின் குரலில் நிம்மதி தெரிந்தது. "நாற்பத்து மூணு குழந்தைக்கு நாற்பத்தஞ்சு பேர் வந்திருக்கேன்னு பார்த்தேன். அதுல ரெண்டு பேர் ரொம்ப மோசமான நிலை, ஒன்றரைக் கிலோதான். அவங்களுக்கு உடனே பொட்டலம் அனுப்பச் சொல்லிட்டேன்."

"சார்! ஒண்ணு கைக்குட்டை, இன்னொண்ணு பேனா!"

"அனுப்பினது அனுப்பினதுதான். திருப்பி வாங்க வழி இல்லை."

அந்த வாரம் ஆறு பொட்டலங்கள் வந்தன. நாலு குழந்தைகளுக்கு நாலு. கைக்குட்டைக்கு ஒன்று. பேனாவுக்கு ஒன்று. மீதி இருபத்தேழு குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. கைக்குட்டையின் பொட்டலத்தையும் பேனாவின் பொட்டலத்தையும் பிரித்து நர்ஸம்மா இருபத்தேழு காகிதத்தில் பங்கு போட்டாள். ஆளுக்கு ஒரு கைப்பிடிகூட வரவில்லை.

ஆயாம்மா பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள். "அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். துடைப்பம், வாளி, என் செருப்பு, உங்க குடை எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் தட்டுல வைப்போம். எல்லாத்துக்கும் பொட்டலம் வரும்ல?"

"வரும். அடுத்த வாரமே துடைப்பத்துக்கு அப்பா பேர் என்னன்னு கேட்டு ஒருத்தன் வருவான். நீங்க பதில் சொல்றீங்களா?"

ஆயாம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊருக்குள் நர்ஸம்மாவுக்கு மிளகாய் என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் அவள் மேற்பார்வையாளரின் அலுவலகத்துக்கு நேரிலேயே போய் நின்றபோது, அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரணம் புரிந்திருக்கும்.

"மெஷினைச் சரி பண்ண ஆள் அனுப்புங்க சார்."

"அனுப்பலாம். ஆனா ரிப்பேர் செலவு பின்தங்கிய மாவட்ட நிதியிலதான் வரணும். நாம இப்ப பின்தங்கிய மாவட்டம் இல்லையே."

"பின்ன?"

"முன்னேறிட்டோம்."

"எப்ப முன்னேறினோம்?"

மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு. இன்னும் உத்தரவு வரல. அடுத்த மாசம் லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா வாய்க்கால் மேல பாதி கட்டின பாலம்?"

"பாதியிலயே நிக்கும்."

"வாரத்துக்கு ரெண்டு நாள் வர்ற டாக்டர்?"

"முன்னேறின ஊருக்கு டாக்டர் எதுக்குங்கறாங்க."

"சார், நாலு நாள் முன்னாடி சோத்துக்கு இல்லாம இருந்த ஊர் சார் அது. ஒரு தட்டைக் கொண்டுவந்து வெச்சா முன்னேறிடுமா?" நர்ஸம்மாவின் குரல் ஏறிய வேகத்தில் அடுத்த அறையில் தட்டச்சு நின்றது. "மூணு வயசுப் பொண்ணு, ஒரு கையால தூக்கலாம். அவ முன்னேறிட்டாளா?"

"கத்தாதீங்கம்மா. வேற எந்த ஊர்ல இருந்தும் புகார் வரல."

"மத்த ஊர்ல நர்சுங்க கைக்குட்டை வெச்சிருக்க மாட்டாங்க."

மேற்பார்வையாளர் இழுப்பறையைத் திறந்து தூசி தட்டி ஒரு படிவத்தை எடுத்தார். 'கருவிக் குறைபாடு மெய்ப்பிப்புப் படிவம்'. மூன்று பத்திகள். முதல் பத்தியில் அரசு மெஷின் காட்டிய எடை. அடுத்த இரண்டில், அதே ஊரில் உள்ள வேறு இரண்டு தராசுகள் காட்டிய எடை. கடைசியில் குறிப்பு எழுத நாலு விரல் அகலத்துக்கு இடம்.

"இதைப் பூர்த்தி பண்ணிக் கொடுங்க. மேலே அனுப்பறேன்."

வீட்டில் அவள் கணவர் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அவள் கொட்டித் தீர்க்கும்வரை காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஊர்ல வேற தராசு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

"மளிகைக்கடை அண்ணன்கிட்ட ஒண்ணு. பழைய இரும்பு வாங்கறவர்கிட்ட ஒண்ணு."

"ரெண்டு பேரும் நல்லவங்கதானே?"

"நல்லவங்கதான்," என்றார் தையல்காரர், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "தராசைப் பத்தி எனக்குத் தெரியாது."

மறுநாள் நாலு மணிக்கு நாற்பத்து மூன்று குழந்தைகளும் அவர்களின் அம்மாக்களும் மளிகைக்கடை முன்னால் போய் நின்றார்கள். கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்ததும் சர்க்கரை மூட்டையின் வாயைப் பிரித்துவிட்டார்.

"வாங்க வாங்க. என்ன வேணும்?"

"உங்க தராசு வேணும்ணே. ஒரு அரைமணி நேரம்."

கடைக்காரர் மூட்டையின் வாயை மறுபடி சுருட்டினார். "தராசா? அது... காலையில இருந்து கொஞ்சம் சரியில்லம்மா. வெயிலு."

"இப்பதானே அந்தப் பாட்டிக்குப் பருப்பு நிறுத்தீங்க?"

"பருப்பு வேற, புள்ளைங்க வேறம்மா. புள்ளைங்க ஆடும்."

"எறும்பு ஆடாது அண்ணே. ஆட அவகிட்ட ஒண்ணும் இல்ல." நர்ஸம்மா அவளைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டாள்.

பதினொரு கிலோ இருநூற்று ஐம்பது.

அரசாங்க மெஷின்கூடப் பத்தரைதான் காட்டியது. எட்டாவது வரை படித்திருந்த ஒரு அம்மா விரல் மடக்கி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது கிலோ புள்ள பதினொண்ணே காலாத் தெரிஞ்சா," என்றாள் மெதுவாக, "நான் ஒரு கிலோன்னு வாங்கற சர்க்கரை எண்ணூறு கிராம்தான்."

அப்புறம் நடந்ததை மளிகைக்கடைக்காரர் இன்றைக்கும் சொல்ல விரும்புவதில்லை. ஒருத்தி ஏழு வருடச் சர்க்கரையில் குறைந்ததைக் கேட்டாள். ஒருத்தி கல்யாணத்துக்கு வாங்கிய அரிசியைக் கேட்டாள். எறும்பு தட்டிலேயே உட்கார்ந்து எல்லாரையும் வேடிக்கை பார்த்தாள். கடைக்காரர் பாதிக் கதவை இழுத்துவிட்டு உள்ளேயிருந்து கத்தினார். "இந்த மிளகாயாலதான் எல்லாம்! நாளையில இருந்து யாருக்கும் கடன் கிடையாது!"

சொன்னபடியே செய்தார். மறுநாள் காலையில் இருபது வீட்டில் அடுப்பு எரியவில்லை. நர்ஸம்மாவின் வீட்டிலும் எண்ணெய் இல்லை. தையல்காரர் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தார்.

இரும்பு வாங்குபவர் அப்படி இல்லை. சந்தோஷமாக வரவேற்றார். கூரை விட்டத்தில் கொக்கித்தராசு தொங்கியது. அவரே ஒரு துணியைத் தூளியாகக் கட்டினார்.

"என் தராசு பொய் சொல்லாதும்மா. நான் விக்கிறவனா? வாங்கறவன். எனக்கு எதுக்குக் கூட்டிக் காட்டணும்?"

அவர் சொன்னது உண்மைதான். கூட்டிக் காட்டவில்லை. எறும்பு ஆறு கிலோ இருந்தாள்.

எறும்பின் அம்மா பார்த்தாள், பார்த்தாள், பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "நேத்து பதினொண்ணே கால் இருந்தவ இன்னைக்கு ஆறா? ராத்திரி கஞ்சிதானே கொடுத்தேன்! ஐயோ, என் புள்ள கரைஞ்சு போயிட்டாளே!"

"அழாதம்மா. குழந்தை அப்படியேதான் இருக்கா," என்றாள் நர்ஸம்மா. "நேத்து விக்கிறவன் தராசு. இன்னைக்கு வாங்கறவன் தராசு. அவ்வளவுதான்."

எறும்பின் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப அரசாங்கத் தராசு எந்த ரகம்மா?"

நர்ஸம்மா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "யோவ், போன மாசம் என் பித்தளை அண்டாவை நாலு கிலோன்னு சொல்லித்தானே எடுத்துக்கிட்ட?" என்று கேட்டது. இரும்புக்கடையில் கையில் எடுக்கத் தோதான சாமான்கள் நிறைய இருந்தன. நர்ஸம்மா பாடுபட்டுக் கூட்டத்தைக் கலைத்தாள்.

அன்று சாயங்காலம் படிவத்தைப் பூர்த்தி செய்தாள். முதல் பத்தி, இரண்டாம் பத்தி, மூன்றாம் பத்தி. நாற்பத்து மூன்று வரிகள். குறிப்பு எழுதும் இடத்தில் பொடி எழுத்தில் ஒரு சொல்லும் விடாமல் எழுதினாள்: 'மளிகைத் தராசு கூட்டிக் காட்டுகிறது. இரும்புத் தராசு குறைத்துக் காட்டுகிறது. அரசு மெஷினும் ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டுகிறது. மூன்றும் பொய். குழந்தைகளின் உண்மை எடை இணைத்துள்ள நோட்டில் உள்ளது. இருபத்தேழு குழந்தைகளுக்குப் பொட்டலம் நின்றுவிட்டது. தயவுசெய்து யோக்கியமான ஒரு தராசு அனுப்பவும்.'

கையெழுத்துப் போட்டாள். முத்திரை வைத்தாள். இனிமேல் தப்ப முடியாது என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு மூன்று ஜீப்புகளும் ஒரு ஆம்புலன்ஸும் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. முதல் ஜீப்பிலிருந்து மாவட்ட அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். பின்னால் உதவியாளர், ஃபோட்டோக்காரர், நீலம் பாரித்த முகத்தோடு மேற்பார்வையாளர்.

"யாரும் யாரையும் தொடாதீங்க! நர்ஸ் யாரு?"

"நான்தான் சார்."

"என்ன ஊசி போட்டீங்க குழந்தைங்களுக்கு?"

"ஊசியா? ரெண்டு மாசமா மருந்தே வரல சார்."

"அப்ப தண்ணியில ஏதோ கலந்திருக்கு. ஒரே வாரத்துல நாற்பத்து மூணு குழந்தையும் சராசரியா நாலரைக் கிலோ இறங்கியிருக்கு! மேலிடத்துல எல்லாரும் எழுந்து உட்கார்ந்துட்டாங்க. பத்தரை இருந்த குழந்தை ஆறு!"

நர்ஸம்மா மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு எடைதான் ஏத்த முடியும்மா," என்றார் அவர் தரையிடம். "கடைசிப் பத்தியை ஏத்திட்டாங்க."

"நான் எழுதின குறிப்பு?"

"குறிப்புக்குக் கம்ப்யூட்டர்ல இடம் இல்ல."

அதிகாரி அம்மாக்களின் பக்கம் திரும்பினார். "புள்ளைங்களுக்கு என்ன கொடுத்தீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

"நீங்க நிறுத்தினதுக்கு அப்புறம் கொடுக்க என்ன இருக்கு?" என்றாள் எறும்பின் அம்மா. சூளையில் கல் சுமக்கிற கழுத்து, யாருக்கும் வளையாது. "மாவை நிறுத்தினது நீங்க. தராசைக் கேட்ட கோவத்துல கடைக்காரர் கடனை நிறுத்திட்டார். இப்ப வந்து என்ன கொடுத்தேன்னு கேட்கறீங்களா?"

அதிகாரிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "முதல்ல எடை போடுங்க. எல்லாரையும். அரசு மெஷின்ல. என் கண் முன்னால."

"சார், அந்த மெஷின்தான்..."

"போடுங்கன்னு சொன்னேன்."

போட்டார்கள். எறும்புதான் முதலில். பத்து கிலோ ஐந்நூறு. அடுத்த குழந்தை பதினொன்று. அடுத்தது பத்தே முக்கால். உதவியாளர் எழுத எழுத, அதிகாரியின் முகத்தில் கலவரம் போய், கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒரு வெளிச்சம் வந்தது. நாற்பத்து மூன்றாவது குழந்தை இறங்கியபோது அவர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்.

"நாம எத்தனை மணிக்கு வந்தோம்?"

"ஒன்பதரைக்கு சார்."

"இப்ப?"

"பதினொண்ணரை சார்."

"ரெண்டு மணி நேரம்," என்றார் அதிகாரி, தனக்குள்ளேயே பிரமித்து. "ரெண்டே மணி நேரத்துல தலைக்கு நாலரைக் கிலோ. எழுதிக்கோங்க. 'அதிகாரியின் நேரடி வருகையால் நிலைமை சீரடைந்தது.' பேப்பருக்கும் அனுப்புங்க. இதுக்கு மேலயும் இந்த மாவட்டத்தை யாராவது பின்தங்கினதுன்னு சொன்னா நான் சும்மா விட மாட்டேன்."

எறும்பைத் தூக்கச் சொன்னார் ஃபோட்டோக்காரர். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், ஃபோட்டோவில் பளபளக்குமாம். எறும்பை ஒற்றைக் கையில், சட்டைத் துணியைத் தூக்குவதுபோலத் தூக்கினார். அவள் கால்கள் இரண்டும் குச்சிகளாக ஆடின.

"நல்ல கனம்!" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

பதினாறு வருடத்தில் நர்ஸம்மா மேலதிகாரிகளிடம் நிறைய விழுங்கியிருக்கிறாள். மருந்து வராததை விழுங்கியிருக்கிறாள். கூரை ஒழுகியதை விழுங்கியிருக்கிறாள். சம்பளம் தள்ளிப்போனதை, திட்டு வாங்கியதை, தப்பே செய்யாமல் விளக்கம் எழுதிக் கொடுத்ததை எல்லாம் விழுங்கியிருக்கிறாள். இந்த 'நல்ல கனம்' மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

விறுவிறுவென்று போய் அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள். மேஜையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள்.

ஒரு கிலோ ஐந்நூற்று முப்பது.

"சார், உங்க கண்ணாடி ஒன்றரைக் கிலோ. தினமும் போட்டுக்கறீங்களே, மூக்கு வலிக்கலையா?"

தாழ்வாரத்தில் முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவரும் சிரித்தார். உதவியாளர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. தட்டின் அருகே வந்து குனிந்து எண்ணைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். "ஒன்றரைதானா?" என்றார்.

"ஒன்றரைதானாவா? உங்களுக்கு அது 'தான்' சார்! இவளுக்கு அது வாரத்துக்கு ஒரு பொட்டலம். இந்த ஊருக்கு அது ஒரு பாலம், ஒரு டாக்டர். நான் ஃபோன்ல சொன்னேன், யாரும் காதுல வாங்கல. நேர்ல போய்ச் சொன்னேன், படிவம் கொடுத்தாங்க. படிவம் கொடுத்தேன், ஆம்புலன்ஸ் அனுப்பறீங்க. இந்த மெஷின்ல கோளாறுன்னு ஒரே ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லிட்டுப் போங்க சார், போதும்!"

மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நிமிடத்தோடு இந்தம்மாவின் வேலை போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அதிகாரி உதவியாளரைத் தனியே அழைத்துக் காதில் ஏதோ கேட்டார். உதவியாளர் ஒரு கோப்பைப் புரட்டிக் காட்டினார். அதிகாரி தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அவர் குரல் அடியோடு மாறியிருந்தது.

"நீங்க சொல்றது சரிதாம்மா. இந்த மெஷின்ல கோளாறு இருக்கு. நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

மூன்று ஜீப்புகளும் ஆம்புலன்ஸும் வந்த வழியே போயின.

அன்று அந்த ஊரில் நர்ஸம்மாவை யாரும் மிளகாய் என்று சொல்லவில்லை. இரும்பு வாங்குபவர் வழியில் பார்த்துக் கும்பிட்டார். மளிகைக்கடைக்காரர் ஆள் மூலம் ஒரு லிட்டர் எண்ணெய் அனுப்பினார். அளந்து பார்த்தாள், சரியாக ஒரு லிட்டரே இருந்தது. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, அவளைக் கதையை மூன்று முறை சொல்லச் சொன்னார். மூக்கு வலிக்கலையா என்ற இடம் வரும்போதெல்லாம் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் கடைசியில், "அரசாங்கத்துல நாளைக்குன்னா அடுத்த வருஷம்."

அவர் நினைத்தது தவறு. மறுநாள் காலையில் நர்ஸம்மா பூட்டைத் திறக்கப் போனபோது, மெக்கானிக் ஒருவர் பையோடு படியில் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, சாந்தமான முகம், காதில் ஒரு பென்சில். கையிலிருந்த உத்தரவில் மேல் மூலையில் 'மிக அவசரம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

அவளுக்கு நம்பவே முடியவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, அவள் சொன்ன ஒரு சொல் மேலே போய், அங்கே யாரோ காதில் வாங்கி, ஒரே ராத்திரியில் ஒரு மனிதராகத் திரும்பி வந்திருக்கிறது. செய்தி பரவி, அரைமணி நேரத்தில் அம்மாக்கள் குழந்தைகளோடு தாழ்வாரத்தை நிறைத்துவிட்டார்கள். எறும்பின் அம்மா இன்றைக்கும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மெக்கானிக் மெஷினைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். பையிலிருந்து எடைக்கற்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரு சின்னத் திருகை எறும்பு ஊர்வது மாதிரி மெதுவாகத் திருப்பினார். மறுபடி கற்களை வைத்தார். திருப்தியாகத் தலையாட்டினார். கவனமாக வேலை செய்கிற ஒரு மனிதரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று இருந்தது நர்ஸம்மாவுக்கு. தானே போய் அவருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள், மளிகைக்கடைக்காரரின் புதுச் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு.

அவர் கடைசித் திருகை முடுக்கி, வெள்ளைத் தட்டைத் துணியால் பளபளவென்று துடைத்து, டீயை வாங்கிக்கொண்டார்.

"கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா தம்பி?" என்றாள், தாழ்வாரத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி.

"தெரிஞ்சுதும்மா," என்றார் மெக்கானிக், டீயை ஊதிக்கொண்டே. "மத்த ஊர் மெஷினெல்லாம் ஆர்டர்ல சொன்ன மாதிரி கரெக்டா ரெண்டு கிலோ கூட்டிக் காட்டுது, உங்களுது மட்டும் ஒன்றரையிலயே நின்னுபோயிருந்தது, இப்ப சரி பண்ணிட்டேன்."